பெரிய வெள்ளியில் அடித்த மணி

எங்கள் ஊரில் இப்போது யார் மேடை ஏறினாலும் இறால் பண்ணையை விரட்டிய கதையைச் சொல்லாமல் இறங்குவதில்லை. "நம்ம விசுவாசம் நம்மளக் காப்பாத்துச்சு" என்று முடிப்பார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் ஊரில் இருந்தால் தட்டுவேன். அது பொய்யில்லை. விசுவாசம்தான் காப்பாற்றியது. ஆனால் அதே விசுவாசம் என் அம்மாவை என்ன பாடு படுத்தியது என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாகியும் அந்த அதிர்ச்சி என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து கடல் பக்கமாகப் போகும் டவுன் பஸ்ஸுக்கு எங்கள் ஊர்தான் கடைசி நிறுத்தம். காவிரித் தண்ணீருக்கும் அதுதான் கடைசி. மேட்டூரில் திறந்து விட்டது எல்லார் வயலையும் பார்த்துவிட்டு, மனசிருந்தால் எங்களிடம் வரும். ஒரு போகம் சம்பா, அறுவடைக்கு முன்னால் தெளித்து விடும் உளுந்து, அவ்வளவுதான் எங்கள் வெள்ளாமை. ஊரில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள், பாதிப் பேர் இந்துக்கள். இரண்டு பாதியும் குடிப்பது ஒரே குளத்துத் தண்ணீர். நிலத்தடி நீர் எங்கே தோண்டினாலும் கரிக்கும். அந்தக் குளம் ஒன்றுதான் இனிப்பு.

என் அப்பா ஊர் உபதேசியார். பங்குச் சாமியார் ஞாயிறு, திருநாள் பூசைக்கு மட்டும் வந்து போவார். மற்ற ஆறு நாளும் கோயில் அப்பா கையில் இருந்தது. மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் நடத்துவது, உயிர் பிரிகிறவர்களின் தலைமாட்டில் உட்கார்ந்து மந்திரம் சொல்வது எல்லாம் அவர்தான். எது நரகத்துக்குக் கொண்டு போகும் சாவான பாவம், எது அற்பப் பாவம் என்று ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அப்பாவிடம்தான் வருவார்கள். அவர் சொன்னால் எங்களுக்குப் பாப்பரசர் சொன்ன மாதிரி. அம்மாவுக்கும் அவர்தான் வாத்தியார். கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாவுக்கு எழுத்து கூட்டத் தெரியாதாம். மந்திரம் முழுவதையும் அப்பா வாய்ப்பாடமாகவே சொல்லிக் கொடுத்தார். அவர் கற்றுக் கொடுத்ததில் ஒரு வார்த்தை பிசகாமல் அம்மா வைத்துக் கொண்டாள். பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, அதற்காக மனஸ்தாபப்பட வேண்டும், வருத்தமில்லாமல் சொன்ன பாவத்துக்கு மன்னிப்பில்லை என்பதும் அதில் ஒன்று.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் இறால் வந்தது. நாட்டைத் திறந்து விட்டார்கள், வெளிநாட்டுக்கு எதை அனுப்பினாலும் டாலர் என்றார்கள், எங்கள் கடைமடை நிலம் திடீரென்று எல்லார் கண்ணிலும் பட்டது. தஞ்சாவூரிலும் சென்னையிலும் உட்கார்ந்திருந்த நிலக்காரர்கள் உவர் விழுந்த நிலத்தை விலைக்கு விட்டுவிட்டுக் கை கழுவினார்கள். பக்கத்து ஊரில் முதலில் குட்டை வெட்டினார்கள். அடுத்த சம்பாவுக்கே அங்கே பயிர் நுனி கருகியது. அந்த ஊர்க் குளத்தில் கன்றுக்குட்டி வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிக் கொண்டு திரும்பியதை நானே பார்த்தேன். அடுத்து எங்கள் முறை. உப்பனாற்றிலிருந்து பண்ணைக்குக் கடல் தண்ணீர் கொண்டு வர ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். அதற்குச் சர்வே கல் நட்ட இடம், எங்கள் குளத்தின் கரையை ஒட்டிய புறம்போக்கு.

மனு கொடுத்தோம். மறியல் செய்தோம். ஆண்கள் சிலரை வேனில் ஏற்றிக் கேஸ் போட்டார்கள். அதோடு ஆண்கள் அடங்கிவிட்டார்கள். கோழைகள் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் வயசுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அரபு நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ போகக் காத்திருந்த காலம் அது. பேரில் ஒரு கேஸ் இருந்தால் பாஸ்போர்ட் வராது. என் அண்ணன் குவைத்துச் சண்டையில் உடுத்திய துணியோடு ஓடி வந்து, சவூதிக்கு விசா எதிர்பார்த்து வீட்டில் இருந்தான். "நீ வாசப்படி தாண்டக் கூடாது" என்று அம்மா அவனுக்குச் சொல்லிவிட்டாள். பிறகு 144 போட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து நின்றால் குற்றம் என்றானது.

அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. இதை நான் மறைக்க மாட்டேன். பின்னால் நடந்ததற்காக எனக்கு அவர்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், அது அவர் மூளையில் உதித்தது, வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் ஜெபம் முடிந்து எல்லோரும் நெற்றியில் சாம்பலோடு நின்று கொண்டிருந்தோம்.

"கூட்டம்தானே போடக் கூடாது?" என்றார். "சிலுவைப் பாதை பண்ணலாமில்ல?"

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஆண்டவர் சிலுவை சுமந்த பதினான்கு ஸ்தலங்களையும் கோயில் சுவரைச் சுற்றி வந்து முழங்காலிட்டு ஜெபிப்பது வழக்கம். அப்பா அதைக் கோயிலிலிருந்து வெளியே எடுத்தார். பூவரசங் கழியில் பதினான்கு சிலுவை கட்டி, வாய்க்கால் வரப்போகிற வழி நெடுக, சர்வே கல்லுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக நட்டார். முதல் வெள்ளிக்கிழமை பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு பின்னால் நடந்தோம். ஒவ்வொரு சிலுவைக்கும் முழங்கால். கல்லுக் குத்தும், உளுந்துக் கட்டை குத்தும், எழுந்து அடுத்ததற்குப் போவோம்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். "என்னய்யா இது?"

"சிலுவைப் பாதைங்க ஐயா. தவக்காலம்."

"இத்தனை வருஷம் கோயிலுக்குள்ளதானே பண்ணினீங்க?"

"இந்த வருஷம் பாவம் கூடிப் போச்சுங்க ஐயா. கோயிலுக்குள்ள அடங்கல" என்றார் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கிக் கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அன்றைக்கு என் அப்பாவைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை இந்துப் பெண்களும் வந்தார்கள். எங்கள் வயலுக்கு நடவு ஆள் சேர்க்கும் அக்கா ஒருத்தர் இருந்தார், வாய்க்கு அஞ்சாதவர். அவர்தான் அழைத்து வந்தார். முழங்காலில் இருக்கக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"பொழுதன்னிக்கும் குனிஞ்சு நட்டவளுக்கு முட்டி போடுறது ஒரு வேலையா?" என்றார். "எங்க ஆத்தாளுக்குத் தீ மிதிக்கிறேன், ஒங்க சாமிக்கு முட்டி போடுறேன். தண்ணி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே பாப்பா."

முட்டி போட்டவளை எழுப்ப வேண்டுமென்றால் தொட்டுத் தூக்க வேண்டும். பெண்களைத் தொட ஆண் போலீசுக்குத் தயக்கம். ஜெபத்தில் இருக்கிறவர்களைத் தொட எல்லோருக்குமே தயக்கம். இதுதான் எங்கள் ஆயுதம், வேறு ஒன்றும் கிடையாது. ஒருவரும் ஒரு கல்லை எடுத்து எறியவில்லை. எறிந்திருந்தால் அந்த வாரமே கதை முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் பொக்லைன் வந்தால் என்ன செய்வது? கோயில் மணி என்று முடிவாயிற்று. காலை மாலை ஜெபத்துக்கு அடிப்பது போல நிறுத்தி நிறுத்தி இல்லாமல், விடாமல் அடித்தால் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து அந்தச் சிலுவைகளுக்கு நடுவில் முழங்காலிட வேண்டும். அந்தத் தவக்காலத்தில் இரண்டு தடவை அப்படி மணி அடித்தது. இரண்டு தடவையும் எந்திரம் வந்த வழியே திரும்பியது. சோற்றுப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் எல்லாம் கருகிய சோற்றைத் தின்றுகொண்டு சிரித்தோம்.

அவ்வளவு சாமர்த்தியமாகத் திட்டம் போட்ட ஊர், ஒன்றை மறந்து போயிற்று. பெரிய வியாழன் பூசையோடு மணி நின்றுவிடும். ஆண்டவர் பாடுபட்டு இறந்த துக்கத்துக்காக, உயிர்த்தெழும் வரைக்கும் கோயிலில் மணிச் சத்தம் கேட்கக் கூடாது. பதிலுக்கு ஒரு மரக்கட்டையைத் தட்டுவார்கள். இது பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட எங்கள் ஊரில் தெரியும். தெரிந்ததனால்தான் ஒருவருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது. எந்த வருஷமும் போல அப்பா வியாழக்கிழமை மணிக்கயிற்றைச் சுருட்டி, கைக்கெட்டாத உயரத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

மறுநாள் பெரிய வெள்ளி, அரசாங்க விடுமுறை. கலெக்டர் ஆபீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது, தடை கேட்டு ஓடுவதற்கு ஒரு கதவு திறந்திருக்காது. எங்கள் துக்கத்துக்கு விட்ட லீவே எங்களுக்கு வினையாக வந்தது. காண்டிராக்டர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். மணி அடிக்காது என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பெரிய வெள்ளியன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. தலை சீவ மாட்டோம். சத்தம் போட்டுப் பேச மாட்டோம். காலை வெயில் ஏறிய நேரம். நடவு அக்கா உளுந்து வயலிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"வந்துட்டானுங்க! ரெண்டு மெஷினுங்க! கொளத்துக்கிட்ட நிக்கிது, மணி அடிங்க!"

அப்பா கோயில் வாசலில் நின்றார். கையில் மரக்கட்டை. அதைத் தட்டிக்கொண்டு தெருவில் ஓடினார். ஓடவில்லை என்று சொல்ல மாட்டேன், வேட்டி தடுக்க ஓடினார். ஆனால் கட்டைச் சத்தம் தெருக்கோடியைத் தாண்டாது. இந்துக்கள் எல்லோரும் தூரத்து வயல்களில் உளுந்து பிடுங்கிக் கொண்டிருந்தார்கள். கத்தோலிக்கர்கள் கதவைச் சாத்திக்கொண்டு துக்கத்தில் இருந்தார்கள். குளத்துப் பக்கத்திலிருந்து எந்திரம் உறுமுவது கேட்டது. அதற்குள் முதல் பூவரசஞ் சிலுவை மண்ணோடு போய்விட்டது என்று பிற்பாடு தெரிந்தது.

அப்பா திரும்பி வந்தபோது அம்மா கோயிலுக்குள் மணிக்கயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, மணி அடிங்க."

"இன்னிக்கா? ஆண்டவர் செத்துக் கெடக்குற அன்னிக்கா?"

"கொளம் போயிருங்க."

"கூடாது. சொல்லிட்டேன்."

அம்மா பாட்டுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அப்பாவின் குரல் உயர்ந்தது. வாசலில் அதற்குள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள், எல்லோர் காதிலும் விழுந்தது.

"இந்தா, கயித்துல கை வச்சே, சாவான பாவம். பாத்துக்க."

என் அம்மா யார் என்று தெரிந்தால்தான் அவள் அடுத்துச் செய்தது எவ்வளவு பெரியது என்பது புரியும். கோயிலுக்குள் ஆண்கள் நின்றால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறவள். அப்பா இருமினால் தண்ணீர் கொண்டு வருகிறவள். தலை சீவாத முடி முதுகெல்லாம் விரிந்து கிடக்க, அவள் ஸ்டூலில் ஏறி, கை போதாமல், பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். பிறகு மணி அடித்தது. பெரிய வெள்ளிக்கிழமை மணி! வாசலில் நின்ற ஒரு கிழவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மா நிறுத்தவில்லை.

ஊர் திரண்டது. எங்கள் ஊர் மட்டுமில்லை. பெரிய வெள்ளியில் மணி அடிக்கிறதென்றால் கோயில் இடிந்துவிட்டதோ, தீப்பிடித்ததோ என்று பதறி, மூன்று கல் தொலைவிலிருந்த கத்தோலிக்க ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் ஓடி வந்தது. வாராவாரம் வந்ததைப் போல நாலைந்து மடங்கு கூட்டம். சாதாரண நாளில் அடித்திருந்தால் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் குளக்கரையில் எந்திரத்துக்கு முன்னால் முழங்காலிட்டார்கள். போலீஸ் வந்தது. நின்றது. வெயில் தலையைப் பிளந்தது. யாரும் எழவில்லை. பொக்லைன் ஓட்டிய பையன் சேலத்துப் பக்கமாம், என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான். நடவு அக்கா அந்தக் குளத்திலேயே மொண்டு கொடுத்து, "எப்புடி இருக்கு?" என்று கேட்டார். அவன் இன்னொரு செம்பு வாங்கிக் குடித்தான்.

மூன்று மணிக்குப் பங்குச் சாமியார் பெரிய சிலுவையோடு வந்து, கோயிலில் செய்ய வேண்டிய சிலுவை ஆராதனையை அந்தக் கரையிலேயே செய்தார். வரிசையாகப் போய் எல்லோரும் சிலுவையை உதட்டில் ஒற்றி முத்தி செய்தார்கள். இந்துப் பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொண்டார்கள். ஒரு ஏட்டுகூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். பொழுது சாய்வதற்குள் இரண்டு எந்திரமும் போய்விட்டன. மறுபடி வரவேயில்லை. பிறகு கோர்ட், தடை, கேஸ் என்று இழுத்தது, ஆனால் அந்த வாய்க்கால் இன்றைக்கு வரை வெட்டப்படவில்லை.

அந்த வரிசையில் அம்மா இல்லை. தள்ளி, ஒரு வரப்பில் தனியாக நின்றாள். உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தேன்.

உயிர்த்த ஞாயிறு பூசையில் அம்மா நன்மை, அதாவது ஆண்டவரின் சரீரமாக நாங்கள் நம்பும் அப்பம், வாங்கப் போகவில்லை. ஊருக்கே திருநாள், ஜெயித்த சந்தோஷம் வேறு. அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்து போக, அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் போக வழிவிட்டு முழங்காலை ஒதுக்கிக் கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"சாவான பாவத்தோட நன்மை வாங்கக் கூடாதுடி. ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்குங்களேன்."

"அதுக்கு வருத்தப்படணுமே. நானும் ராத்திரியெல்லாம் பாக்குறேன், வருத்தம் வரமாட்டேங்குது. திரும்ப அந்த மாதிரி மெஷின் வந்தா திரும்பவும் அடிப்பேன். அதை வச்சுக்கிட்டு ஆண்டவர்ட்ட போய் மன்னிச்சுக்குங்கன்னு பொய் சொல்லவா?"

நானும் அப்பாவிடம் ஞான உபதேசம் படித்தவள்தானே. அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்கிறேன் என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக் கொண்டாள்.

"வேணாம். உபதேசியார் பொண்டாட்டியே பாவத்துல கெடக்குறான்னு தெரிஞ்சா அப்பாவுக்குக் கேவலம். யார்ட்டயும் மூச்சு விடாதே. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். ஊருக்கு அம்மா ஒரு சாக்கு வைத்திருந்தாள். நன்மை வாங்குகிறவர்கள் பூசைக்கு முன்னால் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். "காப்பி குடிச்சிட்டேன்" என்பாள். வாராவாரம் காப்பி. "உபதேசியார் வீட்டம்மாவுக்குக் காப்பியில்லாம ஆவாது" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். காப்பி வாசனைகூட அவளுக்கு ஆகாது என்று எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நன்மை கொடுக்கும்போது அப்பம் கீழே சிந்தாமல் ஒவ்வொருவர் தாடைக்குக் கீழேயும் தட்டுப் பிடிக்கிறவர் அவர். ஒவ்வொரு ஞாயிறும் ஊரே அவருக்கு முன்னால் வாயைத் திறந்தது. பெண்டாட்டி வரவில்லை என்பது அவருக்குத் தெரியாமலிருக்க வழியே இல்லை. அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவருக்கும் உள்ளுக்குள் வேதனை, சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று நினைத்து நான் அவருக்காகவும் இரங்கினேன். நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணனுக்கு விசா வந்தது. நானும் நர்சிங் முடித்துச் சவூதிக்குப் போனேன். அங்கே எனக்குக் கோயிலும் இல்லை, சாமியாரும் இல்லை. பெரிய வெள்ளியன்று டியூட்டி பார்த்துக்கொண்டே மனசுக்குள் சிலுவைப் பாதை சொல்வேன். லீவில் வரும்போதெல்லாம் அம்மா அதே பெஞ்சில், அதே போல முழங்காலை ஒதுக்கிக் கொண்டிருப்பாள். வருஷங்கள் இப்படியே போயின. தவக்காலம் வந்தால் சனம் கூடி அந்தக் கரையில் சிலுவைப் பாதை நடத்தும். அப்பாதான் முன்னால் போவார். "மணி அடிச்ச மகராசி" என்று அம்மாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார்கள். அப்போதெல்லாம் அப்பாவின் முகம் ஒரு மாதிரி இறுகும். ஊர் அவரைப் புகழ்ந்ததும் உண்டு, ஆனால் அவர் பெயரைச் சொன்ன கையோடு அம்மாவைச் சொல்லிவிடுவார்கள். இதை நான் அன்றைக்குக் கவனித்தேன், அர்த்தம் பண்ணிக்கொள்ளத் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று செய்தி வந்து நான் ஓடி வந்தபோது, இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா உபதேசியார் வேலையை விட்டு ஓய்வில் இருந்தார். குறை சொல்லக் கூடாது, அம்மாவை அவர்தான் தூக்கி உட்கார வைத்தார், வாயில் கஞ்சி ஊற்றினார். ஒரு நாள் மத்தியானம், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய் பூசப் புதிதாக வந்த பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். என்னைவிடச் சின்னவர். பாவசங்கீர்த்தனம் கேட்க எங்களை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தார்.

"வேணாங்க சாமி" என்றாள் அம்மா. "எண்ணெய் மட்டும் பூசி விடுங்க. நன்மை எனக்கு ஆகாது."

"ஏம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவுக்கு இனிமேல் வேலையில்லை, கேவலப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். குளம், எந்திரம், கயிறு. வருத்தம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை என்று முடித்தாள். "பொய் சொல்லி ஆண்டவர வாங்க வேணாம் சாமி."

அந்தப் பையன், சாமியார் என்று சொல்ல வேண்டும், முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய் அவர் முகம் வெளுத்தது.

"அம்மா, இது பாவமே இல்லம்மா. மணி அடிக்காம இருக்குறது பூசை முறை, அவ்வளவுதான். ஊருக்கு ஆபத்துன்னா என்னைக்கு வேணாலும் அடிக்கலாம். யாரு ஒங்களுக்குச் சாவான பாவம்னு சொன்னது?"

அம்மா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அப்போதும் அப்பாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். என்னைப் போலவே அவரும் ஆடிப் போயிருப்பார், அழப் போகிறார் என்று நினைத்துத்தான் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

அம்மாவும் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, ஒங்களுக்குத் தெரியுமா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அந்த உயிர்த்த ஞாயிறு அன்னிக்கே அப்ப இருந்த பங்குச் சாமியார்ட்ட கேட்டேன். பாவமில்லைன்னுதான் சொன்னாரு."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீ கேக்கலையே" என்றார் என் அப்பா.

ஊருக்கு முன்னால் ஒரு தடவை அவர் பேச்சை மீறினாள். அதற்காக இத்தனை ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவு ஞாயிறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் கத்தியிருப்பேன், அம்மா முந்திக் கொண்டாள். கோபமே இல்லாத குரல்.

"ஊருல கேக்காதவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களேங்க."

சாமியார் நன்மை கொடுத்தார். அம்மா வாங்கினாள். உதடு வறண்டிருந்ததால் விழுங்கச் சிரமப்பட்டாள், நான் ஸ்பூனில் தண்ணீர் விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள், கண்ணோரத்தில் நீர் வழிந்தது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவளிடம் அதற்கு முன்பு கண்டதில்லை.

சாயங்காலம் அப்பா எந்த நாளும் போலக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை தொடங்கினார். முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்பாதி, அம்மா பின்பாதி. அவர் முதல் அருள் நிறை மந்திரத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். அம்மா விழித்துத்தான் இருந்தாள். உதடு அசையவில்லை. பிறகு தலையை என் பக்கம் திருப்பி, "பாப்பா, நீ ஆரம்பி" என்றாள்.